பச்சை ஜன்னல் கட்டடம்

படிப்புக்கு ஒரு வாசனை உண்டு என்று ஒன்பது வயது வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். அது என் தாய்மாமன் மேல் வரும் வாசனை. மூக்கில் ஏறினால் கண்ணில் நீர் வந்துவிடும். மாமா நகரத்தின் மறுகோடியில் இருந்த ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். ராயபுரத்தில் எங்கள் தெருவில் மற்ற ஆண்கள் எல்லோரும் ஹார்பருக்கோ ரயில்வேக்கோ கடலுக்கோ போகிறவர்கள். அவர்கள் மேல் கிரீஸும் கரியும் மீனும் வீசும். மாமா ஒருவர் மேல்தான் படிப்பு வீசியது. எங்கள் பள்ளிக்கூட டீச்சர் மேல் அந்த வாசனை இல்லாததால் அவர் சரியாகப் படிக்காதவர் என்று தீர்மானித்து, மனத்துக்குள் அவரை மன்னித்தும் வைத்திருந்தேன்.

மாமா எங்களோடுதான் இருந்தார். வேலை முடிந்து வந்தால் நேராக வீட்டுக்குள் வரமாட்டார். கொல்லைப்பக்கத்துக் குழாயடியில் உட்கார்ந்து, சிவப்பு சோப்பால் முழங்கை வரை தேய்ப்பார். கழுவுவார். மறுபடியும் தேய்ப்பார். அதன் பிறகு ஒரு கரித்துண்டை எடுத்து, குழாயடிச் சிமெண்டுத் தரையில் எனக்காக அந்தப் பல்கலைக்கழகத்தைப் போடுவார். நாளுக்கு ஒரு கட்டடம். மறுநாள் அம்மா பாத்திரம் தேய்க்கும்போது பல்கலைக்கழகம் சாம்பலோடு சாக்கடைக்குப் போய்விடும். மாலையில் திரும்ப எழும்பும்.

"இத்தான் லைப்ரரி. நம்ம ஹார்பர் குடோன் கீதுல்ல, அத்தினி பெருசு. மூட்டைக்கு பதிலு புக்கு."

மணிக்கூண்டு வைத்த கட்டடத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார்கள். அதற்குப் பக்கத்தில் கம்பி போட்ட ஜன்னல்களோடு ஒரு குட்டிக் கட்டடம். அங்கேதான் கேள்வித்தாள் அச்சடிப்பார்கள், வாசலில் எப்போதும் காவல் நிற்கும். செடிகளுக்கென்று கண்ணாடியால் ஒரு வீடு. இரும்பை அறுத்துப் பழகும் பையன்களுக்கு ஒரு பட்டறை. பரீட்சை எழுதுவதற்கென்றே ஒரு மண்டபம். பட்டம் கொடுப்பதற்கு அதைவிடப் பெரியதாக இன்னொரு மண்டபம், அது வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் திறக்கும். இதைக் கேட்டபோது என் நைனாவுக்கு நெஞ்சே அடைத்துவிட்டது.

"வருசத்துல ஒரு நாளைக்கா? மத்த நாள்ல இன்னாடா பண்ணுவாங்க அத்த?"

"பூட்டி வெப்பாங்க மச்சான்."

ஒரே அறையில் ஆறு பேர் படுத்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டில், நைனா அன்று வெகுநேரம் அந்தப் பூட்டைத் திட்டிக்கொண்டிருந்தார்.

கடைசிக் கட்டடத்தை மட்டும் மாமா சின்னதாகத்தான் போடுவார். புளியமரத்துக்குப் பின்னால், பச்சை ஜன்னல்கள். அதுதான் அவர் வேலை செய்யும் இடம். அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டால், டாக்டருக்குப் படிக்கிற பையன்கள் வந்து படிப்பார்கள் என்பார். "எங்க பில்டிங்ல யாரும் சத்தமே போட மாட்டாங்க கண்ணு" என்பதற்கு மேல் எதுவும் சொல்லமாட்டார். அவ்வளவு ஒழுக்கமான கட்டடத்தில் என் மாமா வேலை செய்கிறார் என்பதில் எனக்குத் தாங்க முடியாத பெருமை.

மாமாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கல்யாணம் கூடிவரவில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்ப்பதோடு கதை முடியாது. பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வேலையைப் பார்க்கப் போவார்கள். ஹார்பரில் நிரந்தர வேலை என்று சொல்லித் தாலி கட்டிவிட்டு, மறுநாள் காலையில் கூலிக்காக வாசலுக்கு வெளியே கூட்டத்தோடு நின்றவர்கள் உண்டு. அப்படி ஏமாந்த தகப்பன்மார் ஏற்படுத்திய வழக்கம் அது. சொல்லாமல்தான் போக வேண்டும். சொல்லிவிட்டுப் போனால் இரவல் சட்டை போட்டுக்கொண்டு நிற்பான் என்பார்கள். மாமாவின் வேலையை அப்படி இரண்டு குடும்பங்கள் பார்த்துவிட்டு வந்தன. இரண்டு சம்பந்தமும் அன்றோடு முடிந்தது. ஏன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு வீட்டாரும் எண்ணூர்க்காரர்கள் என்பதால் பேச்சு எங்கள் தெருவுக்கு வரவில்லை.

மூன்றாவதாக வந்தது காசிமேட்டுப் பெண். அவளுடைய அப்பா ஹார்பரில் வின்ச் ஓட்டுகிறவர், அதாவது கப்பலிலிருந்து சரக்கைத் தூக்கி இறக்கும் எந்திரத்தை இயக்குகிறவர். "இதுவும் போச்சின்னா அவன் இனிமே கட்டிக்கவே மாட்டான்" என்று அம்மா மாதா படத்துக்கு முன்னால் நின்று அழுதாள். பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது. பெண்ணின் அம்மாவைத்தான் பிடிக்கவில்லை. அதற்கு என்னிடம் இரண்டு காரணங்கள் இருந்தன.

ஒன்று, மெழுகுவத்தி. கல்லறைத் திருநாளன்று ஊரே காசிமேட்டுக் கல்லறையில் கூடி, அவரவர் சொந்தக்காரர்களின் சமாதிகளில் மெழுகுவத்தி ஏற்றும். இந்த அம்மாள் மட்டும் ஒரு முழு மெழுகுவத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏற்றாமல், சுவரோரமாக நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்ப எடுத்துக்கொண்டு போனதை நான் கண்ணால் பார்த்தேன். தீர்ந்துவிடும் என்று பயப்படுகிற கஞ்சம் என்று நினைத்தேன். இரண்டாவது, கை. பேச வந்த அன்று அவர் மாமாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை, கைகளைத்தான் பார்த்தார். நைனாவின் கையைப் பார்த்தார். காப்பி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அண்ணன் கையையும் பார்த்தார். யார் விரலில் எத்தனை மோதிரம் என்று எடைபோடுகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் விடுமுறையாக இருந்த ஒரு வேலை நாளன்று காலையில் அந்தப் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் வந்து நின்றார்கள். "சொம்மா போய் பாத்துட்டு வந்துடறோம்" என்றார் பெண்ணின் அப்பா. நைனா வேலைக்குப் போயிருந்தார். அம்மா பிள்ளை பெற்று இருபது நாள்தான் ஆகியிருந்தது. வேண்டாம் என்று சொன்னால் மறைக்கிறோம் என்று ஆகிவிடும். எனக்கு வழி தெரியும் என்று நான் குதித்தேன். போனதே இல்லை, ஆனால் கரிக்கோட்டில் ஒவ்வொரு கட்டடமும் எனக்கு மனப்பாடம். அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் காதில் சொன்னாள்.

"லைப்ரரிய காட்டு. மணிக்கூண்ட காட்டு. பச்ச ஜன்னலுக்கு மட்டும் இட்டுகினு போவாத. மாமாவுக்கு வேல நேரம், புரிஞ்சிச்சா?"

புரிந்தது என்று தலையாட்டினேன். சத்தம் போடாத கட்டடத்தில் நாங்கள் போய்ச் சத்தம் போட்டால் படிக்கிறவர்களுக்குத் தொந்தரவு அல்லவா?

இரண்டு பஸ் மாறினோம். பஸ்ஸிலும் அந்த அம்மாளுக்குக் கண் சும்மா இருக்கவில்லை. மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களின் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். புதிதாக யாராவது ஏறினால் எட்டிப் பார்த்தார். இப்படியும் ஒரு பேராசையா என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

உள்ளே நுழைந்ததும் நான் திகைத்துப் போனேன். எங்கள் தெரு, கோயில், மார்க்கெட், ரயில்வே லைன் எல்லாவற்றையும் உள்ளே கொட்டினாலும் மீதி இடம் இருக்கும். யாரும் யாரையும் கூப்பிட்டுக் கத்தவில்லை. ஆனால் கரிக்கோட்டில் எது எங்கே இருந்ததோ அது அங்கேயே இருந்தது. மணிக்கூண்டு, கம்பி ஜன்னல், கண்ணாடி வீட்டுக்குள் நிஜமாகவே செடிகள். மாமா ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொன்றாகக் கையை நீட்டி, இது இன்னது, இங்கே இன்னது செய்வார்கள் என்று நான் சொல்லிக்கொண்டு போனேன். பட்டம் கொடுக்கும் மண்டபத்தின் படியருகே பெண்ணின் அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கோயில் இல்லை, போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் அவருக்கு அனுமதி கொடுத்தேன்.

அத்தோடு திரும்பியிருக்கலாம். அந்த மனிதர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "பில்டிங்கெல்லாம் கீது. மாப்ளய எங்க காணோம்?" என்றார். வேலை நேரம் என்றேன். "எத்த கேட்டாலும் வேல நேரம்ன்ற. வேலயே டூப்பு போலக்கீது" என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அம்மா சொன்னதெல்லாம் அந்தச் சூட்டில் பறந்துவிட்டது. புளியமரத்தைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தேன்.

படியேறும்போதே வாசனை வந்தது. மாமாவின் வாசனை. அவர்கள் இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு, எங்கள் வீட்டுக் கதவைத் தள்ளுவது போலத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

நீளமான அறை. வரிசையாகக் கல் மேஜைகள், ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைத் துணி. துணிக்குக் கீழே வீட்டில் நாங்கள் படுத்திருப்பது போலவே ஆட்கள் படுத்திருந்தார்கள். பகலில் ஏன் இத்தனை பேர் தூங்குகிறார்கள் என்று நினைத்தேன். அறையின் கோடியில் ஒரு சிமெண்டுத் தொட்டி. மாமா ரப்பர் அங்கியும் முழங்கால் வரை பூட்ஸும் போட்டுக்கொண்டு, இன்னொருவரோடு சேர்ந்து அதிலிருந்து எதையோ தூக்கிக்கொண்டிருந்தார். முதலில் ஒரு கால் வெளியே வந்தது. கட்டை விரலில் நூல் கட்டி, ஒரு தகரச் சீட்டு தொங்கியது. பிறகு முழு மனிதன் வந்தான். வயதானவன். ஊறிப்போன பழுப்பு நிறம். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

இத்தனை நாள் படிப்பு என்று நான் ஆசையாக முகர்ந்தது இதைத்தான். என் மாமா சோறு பிசைந்து எனக்கு ஊட்டும் கை அந்த மனிதனின் அக்குளுக்குள் இருந்தது. பாவாடை நனைந்து கால் வழியாக ஓடியது எனக்குத் தெரியவே இல்லை. பின்னால் பெண்ணின் அப்பா ஓடும் சத்தமும், புளியமரத்தடியில் வாந்தி எடுக்கும் சத்தமும் கேட்டன.

மாமா எங்களைப் பார்த்துவிட்டார். ஆனால் கையிலிருந்ததைப் போடவில்லை. மெதுவாகக் கொண்டுவந்து மேஜையில் இறக்கினார். தலை கல்லில் இடிக்காமல் அதன் அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்து, கடைசியில் கையை உருவினார். வீட்டில் என் இருபது நாள் தம்பியை அம்மா அப்படித்தான் படுக்க வைப்பாள்.

"கண்ணு, நீ வெளிய போ" என்றார்.

பெண்ணின் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டார்.

"யாரு தம்பி இவங்கள்லாம்?"

"ஆஸ்பத்திரில செத்தவங்கம்மா. தேடிகினு யாரும் வராதவங்க. இங்க அனுப்புவாங்க. பசங்க படிப்பாங்க, அப்பால நாங்களே அடக்கம் பண்ணிடுவோம்."

"தேடலன்னு யாருக்குத் தெர்யும்? எங்க வந்து தேடறதுன்னு தெரியாம கீறாங்களோ இன்னாமோ."

அந்த அம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முதல் மேஜைக்குப் போனார். துணியை விலக்கி முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. இடது பக்கத்துத் துணியைத் தூக்கி, அந்தக் கையை எடுத்து, விரல்களைப் பிரித்துப் பார்த்தார். திரும்பத் துணிக்குள் வைத்தார். இரண்டாவது மேஜை. மூன்றாவது. செத்தவர்களைப் பார்த்த அதிர்ச்சியை இந்த அம்மாள் மிஞ்சிவிட்டார். பிணத்தின் கையிலுமா மோதிரம் தேடுவார்கள்? பிறகு இன்னொரு எண்ணம் வந்தது. இருந்த மோதிரங்களை என் மாமா கழற்றிவிட்டாரா என்று சோதிக்கிறார்!

"எங்க மாமா மோதிரமெல்லாம் எடுக்க மாட்டாரு!" என்று கத்தினேன். அந்த நீள அறை முழுக்க அது எதிரொலித்தது. சத்தமே போடாத கட்டடத்தில் நான் போட்டுவிட்டேன்.

அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று பார்த்தேன். "தெர்யும்டி கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

மாமாவுக்கு அதற்குள் ஏதோ விளங்கிவிட்டிருக்க வேண்டும். பக்கத்தில் வந்து, மிக மெதுவாக, "எந்த விரலும்மா?" என்று கேட்டார். அந்த அம்மாள் தன் இடது சுண்டுவிரலை நீட்டி, பாதியில் மடக்கிக் காட்டினார். "நீங்க இங்கியே நில்லுங்க. தொட்டியில நான் பாக்கறேன்" என்றார் மாமா. வெகுநேரம் தொட்டிக்குள் குனிந்திருந்தார். பிறகு நிமிர்ந்து, இல்லை என்று தலையை ஆட்டினார். அந்த அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பஸ் நிறுத்தத்தில் பெண்ணின் அப்பா மாமாவை மட்டுமல்ல, எங்கள் பரம்பரையையே ஏசினார். "பொணந்தூக்கிக்கா என் பொண்ண குடுக்கறது? கலீஜு!" நான் அழுதுகொண்டிருந்தேன். அம்மா பேச்சைக் கேட்காமல் மாமாவின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன், இனி அவர் கட்டிக்கவே மாட்டார். மனைவி அவரை முழுதும் ஏச விட்டார். கடைசியில் சொன்னார்:

"அந்தத் தலைய எப்டி கீழ வெச்சான் பாத்தியா? நீ பெத்த புள்ளய ஒரு நாளாச்சும் அப்டி புடிச்சிருக்கியா? பொண்ணு அவனுக்குத்தான்."

அந்த மனிதர் வாயை மூடினார். வீடு வரும் வரை திறக்கவில்லை. ஒரு வின்ச் டிரைவரை இவ்வளவு சுலபமாக அடக்கிவிட முடியும் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கல்யாணம் நடந்தது. அத்தை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். மாமா கொஞ்ச நாள் எனக்குச் சோறு ஊட்ட வந்தபோதெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் வற்புறுத்தவும் இல்லை. கரித்துண்டை எடுப்பதை விட்டுவிட்டார். அதற்காக இன்றும் என் மேல் எனக்கே கோபம் உண்டு.

அத்தையின் அம்மா ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் வருவார். வீட்டுக்குள் வரமாட்டார், நேராகக் கொல்லைப்பக்கம். மாமா குழாயடியில் சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது எதிரில் போய் நிற்பார். எதுவும் கேட்கமாட்டார். மாமா அவரைப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டுவார். உடனே அவர் முகம் தெளிந்துவிடும். மடியிலிருந்து ஒரு கமர்கட்டை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்தக் கஞ்சக்கார அம்மாளா என்று நான் ஒவ்வொரு வாரமும் ஆச்சரியப்படுவேன்.

மருமகனிடம் ஏதோ உதவி கேட்கிறார், அவர் கொடுக்க மறுக்கிறார், மானஸ்தியாகச் சிரித்துக்கொண்டே போகிறார் என்று நானாகப் புரிந்துவைத்திருந்தேன். இரண்டு வருஷம் இப்படியே போனது. எனக்குப் பதினொரு வயது. கமர்கட்டு தின்று தின்று எனக்கு அவர் மேல் பாசம் வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை, மாமா வழக்கம்போலத் தலையை ஆட்டியதும் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த அம்மாள் இன்னும் கதவைத் தாண்டவில்லை.

"பாவம் மாமா. எப்பப்பாரு இல்ல இல்லன்னே சொல்றியே. ஒரு தபாவாச்சும் கீதுன்னு சொல்லேன்!"

மாமாவின் கையிலிருந்த சோப்பு நழுவி விழுந்தது. அந்த அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மீன் ஆய்ந்துகொண்டிருந்த அத்தை எழுந்து வந்து, செதில் ஒட்டிய கையோடு என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். வாழ்க்கையில் என்னை ஒரு தடவைகூட அதட்டியிராத அத்தை. அறைந்துவிட்டு என்னையே கட்டிக்கொண்டு அழுதாள். நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று யாரும் சொல்லவில்லை.

பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு கல்லறைத் திருநாள். அந்த அம்மாளும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய சமாதியில் மெழுகுவத்திகளை ஏற்றிவிட்டு, அத்தை இன்னொன்றை மட்டும் எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். தீப்பெட்டி இல்லையாக்கும் என்று நான் போய்க் குச்சியைக் கிழித்து நீட்டினேன். அவள் திரியை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"வாணாம். இது எங்க அண்ணனுக்கு. ஏத்திட்டா அவன் செத்துட்டான்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும்."

எனக்குத் தெரியாத ஒரு அண்ணன். அத்தையின் அப்பா ஓட்டிய வின்ச்சில், அந்த அப்பாவின் கையால், இடது சுண்டுவிரலில் பாதியைப் பறிகொடுத்தவன். அந்தச் சண்டையில் வீட்டை விட்டுப் போனவன் திரும்பவில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே அப்பா எழுந்து வெளியே போய்விடுவார் என்பதால் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

"அம்மா சனிக்கெயம வந்து, மாமா இல்லன்னு தலையாட்டினத பாத்துட்டு போனாத்தான் அந்த வாரம் சோறு துன்னும்" என்றாள் அத்தை.

குச்சி எரிந்து விரலைச் சுட்டது. கீழே போட்டேன். பதினொரு வயதில், வாயில் கமர்கட்டோடு, அந்தத் தாயின் காதில் விழும்படி, அவள் பிள்ளை பிணமாக வந்துவிட்டான் என்று ஒரு தடவையாவது சொல்லும்படி நான் என் மாமாவைக் கெஞ்சியிருக்கிறேன்.